அந்தரத்தில் ஆறு கட்டம்

நியூஸ் ரீல் முடிந்து
மெயின் படம் தொடங்குமுன்
ஒன்றே கால் நிமிஷம் ஓடும் அது:
நிலா மார்க் பல்பொடி.
ஆற்றைத் தாண்டமாட்டேன் என்று
நாலு காலையும் ஊன்றி நிற்கும் ஒரு கழுதை.
உப்பு மூட்டைக்காரன் கெஞ்சுவான், வாலைத் திருகுவான்.
அது தண்ணீரில் தன் காவிப் பல்லைப் பார்த்து
வெட்கப்பட்டு, பொடி போட்டுத் தேய்த்து
ஒரே தாவில் அக்கரை போய்
ஊருக்கே இளிக்கும்.

ஜனம் பார்க்காது.
கலர் வாங்கும். முறுக்கு உடைக்கும்.
நான் மட்டும் துவாரத்தில் கண் வைத்திருப்பேன்.
அம்பாசமுத்திரம் பாலகோமதி டாக்கீஸ், ஆபரேட்டர்,
மாசம் நாற்பத்தைந்து ரூபாய்.

ஒரு புதன் ராத்திரி பிலிம் அறுந்தது,
சரியாகக் கழுதை தாவுகிற இடத்தில்.
கிழிசலைப் பிளேடால் நறுக்கி, சிமெண்டு தடவி,
பத்து எண்ணும்வரை விரலால் அழுத்தினேன்.
கீழே விசில். “தூங்குதியாலே?” என்று ஒருத்தன்.
நறுக்கிய ஆறு கட்டத்தையும்
தீப்பெட்டிக்குள் போட்டு வைத்தேன், ஏனோ.

மூன்றாம் நாள், ஆட்டம் விட்டபின்
படியேறி வந்தார் ஒருவர்.
நடுவிரலில் பென்சில் காய்ப்பு.
“வே, நம்ம கழுதை ஏன் நொண்டுது?”
நொண்டலையே என்றேன்.
“கால் செகண்டைக் காணோம். ஆறு கட்டம். மூணு படம்.”

பேர் சொரிமுத்து. ஊர் விக்கிரமசிங்கபுரம்.
மில்லில் ஆஜர் ஏடு எழுதிய ஆள்.
ஏட்டு மூலையில் பக்கத்துக்கு ஒன்றாய்
ஆட்டுக்குட்டி வரைந்து வைத்ததும்
துரை கட்டைவிரலால் பக்கங்களை உருவிவிட
குட்டி துள்ளி எழுபது பேர் வருகையைத் தாண்டியதும்
துரை சிரித்ததும்
சிரித்து முடித்துச் சீட்டைக் கிழித்ததும்
ஒரே நாளில்.

செங்கோட்டை வண்டி, பட்டணம்,
கோடம்பாக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை,
அடியில் பல்பு எரியும் கண்ணாடி மேஜை.
பதினோரு வருஷம்.
மலேரியாக் கொசுவுக்கு மீசை வைத்தார்.
ஓட்டுப் பெட்டிக்குக் கால் முளைக்க வைத்தார்.
ஏதோ புராணப் படத்தில் பூமி பிளந்து பாம்பு வருமே,
அது அவர். டைட்டிலில் பேர் கிடையாது.

“யாரைப் பாத்தாலும் நடைதாம்வே கண்ணுல விழுது.
உம்ம முதலாளி ஒரு எட்டு வைக்கப் பதினாலு படம் கேப்பாரு.
நீரு ஆறுலயே முடிஞ்சிருவீரு.”

படம் பிடித்தானதும் அந்தத் தாளையெல்லாம்
சோடாத் தண்ணீரில் கழுவிவிடுவார்களாம்.
கழுதை இருந்த தாளில் அடுத்த மாதம் சோப்பு டப்பா ஆடும்.
அப்போ எதுவும் மிஞ்சாதா என்றேன்.
“உம்மகிட்ட இருக்கும்லா, வெட்டுனது?”

தீப்பெட்டியைக் கொடுத்தேன்.
விளக்குக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கி,
வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.
“இது நானில்ல வே.
தாவுறதுக்குக் குந்துத கழுதை நான்.
அக்கரையில விழுந்து எந்திரிக்கிறதும் நான்.
அந்தரத்துல நிக்குத மூணும் பேராச்சி போட்டது.
சீவலப்பேரிப் பிள்ளை. அங்கதான் வேலை பாக்கா.
ரெண்டு முனையத்தான் நான் குடுப்பேன்,
நடுவுல உள்ளது பூரா அவ பாடு.”

டிக்கெட்டுக் கட்டின் பின்பக்கம் விலாசம் எழுதித் தந்து
இறங்கிப் போனார். பதினேழு படி.
அன்றுதான் முதல்முறையாக
ஒரு மனிதன் இறங்குவதை எண்ணிக்கொண்டு நின்றேன்.
பிறகு அவர் வரவில்லை.
கம்பெனி மூடிவிட்டது என்றார்கள்.
காரையாறு அணைக்கட்டில் கணக்கெழுதுகிறார் என்றார்கள்.
பம்பாய் என்றும் சொன்னார்கள்.

ஆறு கட்டத்தையும் கவரில் வைத்து
மன்னிக்கவும் என்று ஒரு வரி சேர்த்து
பேராச்சிக்கு அனுப்பினேன்.
நாற்பது நாள் கழித்து ஒரு கார்டு.

‘நீங்கள் வெட்டியது நல்லது.
நடுப்படத்தில் வால் தப்பாக விழுந்திருந்தது.
ராத்திரி ரெண்டு மணி, கண் சொக்கிவிட்டது.
அண்ணாச்சிக்குத் தெரியாது.
தெரிய வேண்டாம்.’

அன்றைய இரண்டாம் ஆட்டத்தில்
கழுதை குந்தியது. ஒட்டு ‘டக்’கென்று தட்டியது.
அக்கரையில் நின்று இளித்தது.

விளக்குக்கு நேரே பிடித்திருந்தபோது
அவர் கட்டைவிரல் நகம்
நடுப்படத்தின் வால் மேல்தான் இருந்தது.